விசையை அழுத்திய விரல்களோடு நின்றுவிட்ட வழக்கு

2013 ஆகஸ்ட் 20 அன்று காலை, புனே நகரில் ஓங்காரேஷ்வர் கோயிலை அடுத்த பாலத்தில் நடைப்பயிற்சி சென்றுகொண்டிருந்த மருத்துவர் நரேந்திர தபோல்கர் சுட்டுக் கொல்லப்பட்டார். மூடநம்பிக்கை ஒழிப்பு இயக்கத்தைக் கட்டியவர், ‘சாதனா’ வார இதழின் ஆசிரியர், பில்லி சூனியத் தடைச் சட்டத்திற்காக ஆண்டுக்கணக்கில் போராடியவர் அவர். உயிரோடிருந்தவரை அவருக்குக் கிடைக்காத அந்தச் சட்டம், அவர் கொல்லப்பட்ட சில நாள்களில் அவசரச் சட்டமாக வந்தது. கொலை வழக்கில் தீர்ப்பு வருவதற்கோ பத்து ஆண்டுகள் எட்டு மாதங்களுக்கு மேல் ஆயின.

2024 மே 10 அன்று புனே சிறப்பு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை வழங்கியது. சுட்டவர்கள் என்று குற்றம்சாட்டப்பட்ட சச்சின் அந்துரே, சரத் கலஸ்கர் இருவருக்கும் ஆயுள் தண்டனையும் தலா 5 லட்சம் ரூபாய் அபராதமும் விதிக்கப்பட்டன. சதியின் மூளையாகச் செயல்பட்டார் என்று மத்தியப் புலனாய்வுக் கழகம் கூறிய மருத்துவர் வீரேந்திரசிங் தாவ்டே, தடயங்களை அழிக்கச் சொன்னார் என்று கூறப்பட்ட வழக்கறிஞர் சஞ்சீவ் புனாலேகர், அவருடைய உதவியாளர் விக்ரம் பாவே ஆகிய மூவரும் விடுதலை செய்யப்பட்டனர்.

விடுதலைக்கு நீதிமன்றம் கூறிய காரணம் ஊன்றிப் படிக்கத்தக்கது. தாவ்டேவுக்குக் கொலைக்கான நோக்கம் இருந்ததற்குச் சான்று உண்டு. மூவர் மீதும் நியாயமான ஐயம் எழுகிறது. ஆனால் அந்த நோக்கத்தையும் ஐயத்தையும் நம்பத்தகுந்த சாட்சியமாக மாற்ற அரசுத் தரப்பு தவறிவிட்டது என்றார் நீதிபதி. நன்கு திட்டமிட்டு நடத்தப்பட்ட இக்கொலையைச் செய்த இருவரின் பொருளாதார, சமூக நிலையைப் பார்க்கும்போது அவர்கள் இதன் சூத்திரதாரிகளாக இருக்க முடியாது; சூத்திரதாரி வேறு யாரோ; அவரைக் கண்டறியப் புனே காவல்துறையும் மத்தியப் புலனாய்வுக் கழகமும் தவறிவிட்டன என்றும் பதிவு செய்தார். இது வெறும் தோல்வியா, அல்லது அதிகாரத்தில் இருப்பவர் எவருடைய செல்வாக்கினாலேனும் வேண்டுமென்றே காட்டிய செயலின்மையா என்று அந்த அமைப்புகள் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டும் என்பது தீர்ப்பின் கூற்று.

மேடைப் பேச்சில் ஒரு தலைவர் எழுப்பிய கேள்வியன்று இது. சாட்சியங்களை முழுதும் கேட்டு முடித்த நீதிபதி எழுதியது. இதற்கு இன்றுவரை எந்த அரசும் பதில் கூறவில்லை. குற்றவியல் வழக்கில் அரசுத் தரப்பின் கடமை என்ன, அது யாருக்குக் கட்டுப்பட்டது என்ற விவாதத்தை இங்கிருந்தே தொடங்க வேண்டும்.

யாருடைய வழக்கறிஞர்?

கொலை நடந்தால் பாதிக்கப்படுவது ஒரு குடும்பம். வழக்கை நடத்துவதோ அரசு. குற்றம் சமுதாயம் முழுமைக்கும் எதிரானது என்ற கோட்பாட்டின் மீது நிற்கும் ஏற்பாடு இது. அமர்வு நீதிமன்றத்தில் ஒவ்வொரு வழக்கையும் அரசு வழக்கறிஞரே நடத்த வேண்டும் என்கிறது சட்டம். எந்தச் சாட்சியை அழைப்பது, எவரைக் கைவிடுவது, எந்த ஆவணத்தை முன்வைப்பது, சொன்னதை மாற்றிச் சொல்லும் சாட்சியைப் பிறழ் சாட்சி என அறிவித்துக் குறுக்கு விசாரணை செய்வதா வேண்டாமா, வழக்கைத் திரும்பப் பெறுவதா கூடாதா என்பவை அவர் கையில் இருக்கின்றன. நீதிபதி தம் முன் வைக்கப்பட்டதை மட்டுமே எடைபோட முடியும். தராசில் என்ன வைக்கப்படும் என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் அரசுத் தரப்புதான்.

அதனால்தான் அரசு வழக்கறிஞர் காவல்துறையின் வழக்கறிஞரும் அல்லர், ஆளுங்கட்சியின் வழக்கறிஞரும் அல்லர் என்று உச்ச நீதிமன்றம் பலமுறை கூறியிருக்கிறது. மகாராஷ்டிராவிலிருந்து சென்ற ஹிதேந்திர விஷ்ணு தாக்கூர் வழக்கில், அவர் காவல்துறை தருவதை நீதிமன்றத்துக்கு அனுப்பிவைக்கும் அஞ்சல் நிலையம் அல்லர், சுயமாகச் சிந்தித்து முடிவெடுக்க வேண்டிய சட்டப்பூர்வ அதிகாரி என்று 1994இல் விளக்கியது. எப்படியாவது தண்டனை வாங்கித் தந்துவிட வேண்டும் என்ற வேட்கை அவருக்கு இருக்கக் கூடாது, குற்றம்சாட்டப்பட்டவருக்குச் சேர வேண்டிய நியாயமான பலனை அவர் மறைக்கக் கூடாது என்று 1999இல் சிவகுமார் வழக்கில் கூறியது. தமிழ்நாட்டிலிருந்து சென்ற சரளா வழக்கில், புலனாய்வு வேறு, வழக்கு நடத்துதல் வேறு, இரண்டையும் குழப்பக் கூடாது என்று 2000இல் தீர்ப்பளித்தது.

கோட்பாடு தெளிவாகவே இருக்கிறது. நடைமுறையில் காவல்துறையை இயக்குவது உள்துறை. வழக்கு நடத்தும் இயக்குநரகத்தையும் அதே உள்துறையின் நிர்வாகக் கட்டுப்பாட்டில் வைக்கிறது சட்டம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 2005இல் சேர்க்கப்பட்ட இந்த ஏற்பாடு, 2024 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவிலும் தொடர்கிறது. காலனியக் கறையைத் துடைப்பதாகச் சொல்லிக் கொண்டுவரப்பட்ட சட்டம், ஆட்சியாளர்களுக்கு வசதியான இந்தக் கயிற்றை அவிழ்க்கவில்லை.

அறுந்த கண்ணி

தபோல்கர் வழக்கில் இந்தக் கயிறு என்ன செய்தது? புனே காவல்துறை முதலில் கைது செய்தது சட்டவிரோத ஆயுத வணிகர்கள் இருவரை. அவர்கள் மீது உரிய காலத்தில் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யப்படாமல் பிணையில் வெளியே வந்தனர். 2014 மே மாதம் மும்பை உயர் நீதிமன்றம் வழக்கை மத்தியப் புலனாய்வுக் கழகத்திடம் ஒப்படைத்தது. 2016 ஜூனில் தாவ்டே கைதானார். அப்போது தாக்கலான குற்றப்பத்திரிகை, சுட்டவர்கள் என்று தலைமறைவாக இருந்த வேறு இருவரைச் சுட்டியது. 2018 ஆகஸ்டில் மகாராஷ்டிரா பயங்கரவாதத் தடுப்புப் பிரிவு நாலாசோபாராவில் ஆயுதங்களைக் கைப்பற்றி நடத்திய விசாரணையின் தொடர்ச்சியாகவே அந்துரேவும் கலஸ்கரும் சிக்கினர். சுட்டவர்கள் இவர்கள்தாம் என்று அதே புலனாய்வு அமைப்பு அதன் பின்னர் சொன்னது.

ஒரே கொலைக்கு ஒரே அமைப்பு இருவேறு கதைகளை நீதிமன்றத்தில் வைத்தால், எதிர்த் தரப்பு வழக்கறிஞர் அதில் புகுந்து விளையாடுவார் என்பதை அறிய சட்டப் படிப்பு தேவையில்லை. குற்றச்சாட்டுகள் பதிவானது 2021 செப்டம்பரில், அதாவது கொலை நடந்து எட்டு ஆண்டுகள் கழித்து. அரசுத் தரப்பு விசாரித்த சாட்சிகள் 20 பேர். சதி நிரூபணமாகவில்லை. உபா சட்டப் பிரிவுகளும் நிலைக்கவில்லை; அதற்குப் பெற வேண்டிய அரசு அனுமதியிலேயே குறை இருப்பதை நீதிமன்றம் கண்டது.

இத்தனைக்கும் நடுவே இரு கொலையாளிகளுக்குத் தண்டனை கிடைத்தது எப்படி? அன்று காலை அந்தப் பாலத்தருகே பணியில் இருந்த மாநகராட்சித் துப்புரவுத் தொழிலாளி ஒருவர், தாம் கண்டதைக் கூண்டில் ஏறிச் சொன்னார். இருவரையும் அடையாளம் காட்டினார். பெரும் புலனாய்வு அமைப்புகள் ஐந்தாண்டு கதைகளை மாற்றிக்கொண்டிருந்தபோது, வழக்கைத் தாங்கி நின்ற தூண்களில் ஒன்று அந்த எளிய தொழிலாளியின் கண்களும் நெஞ்சுரமும். அரசு அமைப்புகள் செய்ய வேண்டிய பகுதிதான், அதாவது திட்டம் தீட்டியவர், பணம் கொடுத்தவர், ஆயுதம் கொடுத்தவர் என்ற சங்கிலியைக் கோக்கும் வேலைதான், நடக்கவில்லை.

தண்டிக்கப்படாத மூவரும் குற்றவாளிகளே என்று இங்கே தீர்ப்பெழுத வேண்டியதில்லை. சாட்சியம் இல்லாதபோது விடுதலை செய்வது நீதிமன்றத்தின் கடமை. அந்த நெறியை இடதுசாரிகள் எவருக்காகவும் விட்டுக்கொடுக்கக் கூடாது. ஐயம் தீர உழைக்க வேண்டியவர் ஏன் உழைக்கவில்லை என்பதே கேள்வி. விடுதலையை எதிர்த்து உயர் நீதிமன்றத்தின் கதவைத் தட்ட வேண்டிய சுமையும் தபோல்கரின் மகள் முக்தாவின் தோளில்தான் விழுந்தது.

அதே நகரம், வேறு வேகம்

இந்த மந்த கதியைப் பார்த்து அரசுத் தரப்பு இயல்பிலேயே திறனற்றது என்று முடிவு கட்டிவிட முடியாது. அதே புனேயில் அது காட்டிய இன்னொரு வேகத்தை நாடு பார்த்திருக்கிறது. 2017 டிசம்பர் 31 அன்று சனிவார் வாடாவில் எல்கார் பரிஷத் கூட்டம் நடந்தது. மறுநாள் பீமா கோரேகானில் கூடிய தலித் மக்கள் மீது வன்முறை ஏவப்பட்டது. வன்முறைக்குக் காரணம் அந்தக் கூட்டம்தான் என்ற புனே காவல்துறை, 2018 ஜூன் 6 அன்று சுரேந்திர காட்லிங், சுதிர் தவாலே, ஷோமா சென், மகேஷ் ராவத், ரோனா வில்சன் ஆகியோரைக் கைது செய்தது. அடுத்தடுத்த கைதுகளால் எண்ணிக்கை 16 ஆனது.

உபா சட்டப்படி 90 நாள்களுக்குள் விசாரணை முடியாவிட்டால், காலநீட்டிப்புக் கோரி அரசு வழக்கறிஞர் தம் சொந்த அறிக்கையைத் தர வேண்டும். காவல் அதிகாரியின் விருப்பத்திற்கு மேல் ஒரு சுதந்திரமான மூளை இயங்க வேண்டும் என்பதற்காகவே வைக்கப்பட்ட தடுப்புச் சுவர் அது. காட்லிங் வழக்கில், புலனாய்வு அதிகாரியின் விண்ணப்பமே அறிக்கையாக வைக்கப்பட்டது என்று கண்ட மும்பை உயர் நீதிமன்றம், 2018 அக்டோபரில் அந்த நீட்டிப்பை ரத்து செய்தது. 2019 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், அதில் அரசு வழக்கறிஞரின் கையொப்பமும் இருக்கிறது, உள்ளடக்கத்தில் அது அவருடைய அறிக்கையே என்று ஏற்றுக்கொண்டு நீட்டிப்பைச் செல்லுபடியாக்கியது. அஞ்சல் நிலையம் அல்ல என்று 1994இல் சொன்ன நீதிமன்றம், கால் நூற்றாண்டு கழித்து அஞ்சல் முத்திரை போதும் என்று ஏற்றுக்கொண்டதாகவே இதைக் கொள்ள வேண்டியிருக்கிறது.

2019 இறுதியில் மகாராஷ்டிராவில் ஆட்சி மாறியது. வழக்கை மறுஆய்வு செய்யப் புதிய அரசு முற்பட்ட வேளையில், 2020 ஜனவரியில் ஒன்றிய அரசு அதைத் தேசியப் புலனாய்வு முகமைக்கு மாற்றியது. அந்த ஆண்டு அக்டோபரில் கைதானவர் திருச்சி மாவட்டத்தில் பிறந்து ஜார்க்கண்ட் பழங்குடி மக்களுக்காக வாழ்ந்த பாதிரியார் ஸ்டான் சுவாமி. நடுக்குவாத நோயால் கோப்பையைப் பிடிக்க இயலாத அவர், நீர் அருந்த உறிஞ்சுகுழல் கேட்டபோது, பதில் சொல்ல 20 நாள் அவகாசம் கேட்டது அரசுத் தரப்பு. 2021 ஜூலை 5 அன்று, 84ஆம் வயதில், விசாரணையே தொடங்காத நிலையில் காவலில் அவர் உயிர் பிரிந்தது.

இரண்டு வழக்குகளையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். ஒன்றில் கொலை நடந்தது ஐயமற்ற உண்மை. அங்கே உபா சட்டத்தின் அனுமதியைக்கூடக் குறையின்றி முன்வைக்க முடியவில்லை. மற்றொன்றில் குற்றமே விவாதத்திற்குரியது. அங்கே அதே உபா சட்டம், விசாரணை இல்லாமலே தண்டனையாகச் செயல்பட்டது. ஒரு வழக்கில் கை நீளவில்லை. மற்றொன்றில் பிடி தளரவில்லை. இரண்டையும் திறமைக் குறைவு என்ற ஒற்றைச் சொல்லால் விளக்கிவிட முடியாது. அதிகாரத்தின் விருப்பமும் விருப்பமின்மையும் அரசுத் தரப்பின் வேகமாக வெளிப்படுகின்றன என்பதே பொருந்தும் விளக்கம்.

கருப்பு அங்கியும் கட்சிக் கொடியும்

புனேயின் ஹடப்சர் பகுதியில் 2014 ஜூன் 2 அன்று, தொழுகை முடித்துத் திரும்பிய மொசின் ஷேக் என்ற இளம் தகவல் தொழில்நுட்ப ஊழியர் அடித்துக் கொல்லப்பட்டார். முகநூலில் யாரோ வெளியிட்ட படங்களுக்கும் அவருக்கும் தொடர்பில்லை. சிறப்பு அரசு வழக்கறிஞராக அறிவிக்கப்பட்ட உஜ்வல் நிகம் பின்னர் விலகிக்கொண்டார். 2023 ஜனவரியில் ஹிந்து ராஷ்டிர சேனாவின் தலைவர் உள்ளிட்ட குற்றம்சாட்டப்பட்டோர் போதிய சாட்சியமின்றி விடுதலையாயினர். மொசின் ஷேக்கைக் கொன்றவர்கள் யார் என்ற கேள்விக்கு அரசுத் தரப்பிடம் இப்போது விடையில்லை.

நிகம் 2024 மக்களவைத் தேர்தலில் மும்பை வடமத்தியத் தொகுதியில் பாஜக வேட்பாளராக நின்று தோற்றார். தோற்றபின் அவர் மீண்டும் சிறப்பு அரசு வழக்கறிஞராக நியமிக்கப்பட்டதை எதிர்க்கட்சிகள் கண்டித்தன. 2025 ஜூலையில் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்டார். ஒரு வழக்கறிஞர் அரசியலுக்கு வருவது குற்றமன்று. மக்களின் பெயரால் வழக்கு நடத்தும் பதவியும் ஆளுங்கட்சியின் தேர்தல் சீட்டும் ஒரே கையில் மாறி மாறி அமர்ந்தால், அந்தப் பதவியின் நடுநிலையை எவர் நம்புவார் என்பதுதான் கேள்வி.

மறுபுறம், மாலேகான் குண்டுவெடிப்பு வழக்கின் சிறப்பு அரசு வழக்கறிஞர் ரோகிணி சாலியன், ஒன்றியத்தில் ஆட்சி மாறியபின் வழக்கில் மென்மையாக நடந்துகொள்ளுமாறு தம்மிடம் தேசியப் புலனாய்வு முகமை அதிகாரி ஒருவர் கூறியதாக 2015இல் பகிரங்கமாகச் சொன்னார். பத்தாண்டு கழித்து, 2025 ஜூலை 31 அன்று, அந்த வழக்கில் பிரக்யா சிங் தாக்கூர் உள்ளிட்ட ஏழு பேரும் விடுதலையாயினர். அதற்குப் பத்து நாள் முன்புதான், 2006 மும்பை ரயில் குண்டுவெடிப்பு வழக்கில் தண்டிக்கப்பட்டிருந்த 12 பேரையும், அரசுத் தரப்பு குற்றத்தை நிரூபிக்க முற்றிலும் தவறிவிட்டது என்று கூறி உயர் நீதிமன்றம் விடுவித்திருந்தது. ரயில் வழக்குத் தீர்ப்புக்கு எதிராக மகாராஷ்டிரா அரசு ஓரிரு நாளில் உச்ச நீதிமன்றத்தை எட்டியது. மாலேகான் விடுதலையை எதிர்த்து உயர் நீதிமன்றம் சென்றவர்கள் உயிரிழந்தோரின் குடும்பத்தினர்.

தமிழ்நாடு கற்ற பாடங்கள்

இது மகாராஷ்டிராவுக்கு மட்டும் உரிய நோயன்று. 2001இல் அதிமுக மீண்டும் ஆட்சிக்கு வந்ததும், ஜெயலலிதாவுக்கு எதிரான சொத்துக் குவிப்பு வழக்கில் ஏற்கெனவே சாட்சி சொன்ன 76 பேர் மீண்டும் அழைக்கப்பட்டனர். பெரும்பாலோர் முன்பு சொன்னதை மாற்றினர். அரசு வழக்கறிஞர் அவர்களைப் பிறழ் சாட்சிகளாக அறிவிக்கவில்லை. குற்றம்சாட்டப்பட்டவரே முதலமைச்சராக இருக்கும் மாநிலத்தில் அவருடைய அரசு நியமித்தவர் வழக்கு நடத்தும் விந்தையைக் கண்டுதான், க. அன்பழகனின் மனு மீது 2003 நவம்பரில் உச்ச நீதிமன்றம் வழக்கைக் கர்நாடகத்திற்கு மாற்றியது. வதோதராவின் பெஸ்ட் பேக்கரி வழக்கிலும் 21 பேர் விடுதலையானபின், அரசு வழக்கறிஞரே எதிர்த் தரப்புக்காக வாதாடியவர்போல் நடந்துகொண்டார் என்று கண்டித்து, மகாராஷ்டிராவில் மறுவிசாரணைக்கு 2004இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. மும்பையில் நடந்த மறுவிசாரணையில் ஒன்பது பேர் தண்டிக்கப்பட்டனர்.

நேர்மையான வழக்கறிஞர் என்ன செய்ய முடியும் என்பதற்கும் தமிழ்நாட்டில் சான்று உண்டு. 2015இல் சாதி வெறியர்களால் கொல்லப்பட்ட கோகுல்ராஜ் வழக்கில், அவர் தாயின் போராட்டத்தால் வழக்கு நாமக்கல்லிலிருந்து மதுரைக்கு மாற்றப்பட்டது, வழக்கறிஞர் ப.பா. மோகன் சிறப்பு அரசு வழக்கறிஞரானார். முக்கியச் சாட்சியே பிறழ்ந்தபோதும், திருச்செங்கோடு கோயிலின் கண்காணிப்புக் கேமராப் பதிவு முதலிய சூழ்நிலைச் சான்றுகளைக் கோத்து வழக்கை நிறுத்தினார். 2022 மார்ச்சில் யுவராஜ் உள்ளிட்ட பத்துப் பேர் தண்டிக்கப்பட்டனர். 2023இல் உயர் நீதிமன்றமும் அதனை உறுதிசெய்தது.

அதற்கு முன்னே நிற்கிறது வெண்மணி. 1968இல் 44 உயிர்களை எரித்த வழக்கில், நிலமும் காரும் உடைய மிராசுதார்கள் தாமே நேரில் நடந்து வந்து இதைச் செய்திருப்பார்கள் என்பதை நம்ப இயலவில்லை என்றது சென்னை உயர் நீதிமன்றம். வசதி அன்று விடுதலைக்குக் காரணமாயிற்று. புனேயில் நீதிபதி மறுமுனையிலிருந்து பார்த்தார்: இந்த ஏழைகள் தாமாக இதைத் திட்டமிட்டிருக்க முடியாது, பின்னால் வேறு ஆள் இருக்கிறார் என்றார். இரண்டு தீர்ப்புகளும் சேர்ந்து ஒரே உண்மையை உணர்த்துகின்றன. மேலே இருப்பவரைத் தொடுவதற்குச் சாதாரண அரசுத் தரப்பு போதாது.

கோர வேண்டியவை

வழக்கு நடத்தும் இயக்குநரகம் உள்துறையின் பிடியிலிருந்து விடுவிக்கப்பட வேண்டும். மகாராஷ்டிராவில் காவல்துறையிலிருந்து தனியான அரசு வழக்கறிஞர் பணியமைப்பை உருவாக்க வேண்டும் என்று 1995இல் சஹானே வழக்கில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. அதன் உட்பொருள் நாடு முழுவதும் முழுமையாக நடைமுறைக்கு வர வேண்டும். ஆட்சி மாறினால் அரசு வழக்கறிஞர்கள் கூண்டோடு மாறும் வழக்கம் எந்தக் கட்சி ஆண்டாலும் முடிவுக்கு வர வேண்டும். தேர்வு வெளிப்படையாகவும், தலித், பழங்குடி, சிறுபான்மையினர், பெண்களின் உரிய பங்கேற்போடும் நடக்க வேண்டும். பெரும் அரசியல் கொலை வழக்குகளில் விடுதலைத் தீர்ப்பு வந்தால், மேல்முறையீடு செய்வதா இல்லையா என்ற முடிவையும் அதன் காரணத்தையும் அரசு எழுத்தில் வெளியிட வேண்டும். சாட்சிகளுக்கு, குறிப்பாக அன்றாடக் கூலியை இழந்து நீதிமன்றம் வரும் உழைப்பாளிகளுக்கு, பாதுகாப்பும் இழப்பீடும் உறுதிசெய்யப்பட வேண்டும்.

கோரிக்கை நிறைவேறும்வரை கைகட்டியிருக்கவும் தேவையில்லை. பாதிக்கப்பட்டவர் தம் விருப்பப்படி வழக்கறிஞரை அமர்த்தி அரசுத் தரப்புக்கு உதவ நீதிமன்றம் அனுமதிக்கலாம். விடுதலையை எதிர்த்து மேல்முறையீடு செய்யும் உரிமை அவருக்கு உண்டு. வழக்கைத் திரும்பப் பெற அரசு முயன்றால், அவர் தரப்பைக் கேட்காமல் நீதிமன்றம் அனுமதிக்கக் கூடாது என்கிறது புதிய சட்டம். வன்கொடுமைத் தடுப்புச் சட்ட விதிகள், பாதிக்கப்பட்டவர் விரும்பும் மூத்த வழக்கறிஞரைச் சிறப்பு அரசு வழக்கறிஞராக்க வழி செய்கின்றன. இந்த உரிமைகள் காகிதத்திலிருந்து கூண்டுவரை வர, பக்கத்தில் நிற்கும் இயக்கம் வேண்டும். வாச்சாத்தியில் 1992இல் நடந்த கொடுமைக்கு 2011இல் 215 பேர் தண்டிக்கப்பட்டதற்குப் பின்னால், பத்தொன்பது ஆண்டுகள் அந்த மலைமக்களைத் தனியே விடாத செங்கொடி இருந்தது. தீர்ப்பு நாளில் மட்டும் ஆர்ப்பாட்டம் செய்வது போதாது. முதல் தகவல் அறிக்கை தொடங்கி ஒவ்வொரு வாய்தாவிலும் யாரேனும் ஒரு தோழர் நீதிமன்றத்தின் பின்வரிசையில் அமர்ந்திருக்க வேண்டும்.

தபோல்கர் கொல்லப்பட்ட பதினெட்டாம் மாதத்தில், 2015 பிப்ரவரி 16 அன்று, கோலாப்பூரில் தோழர் கோவிந்த் பன்சாரே சுடப்பட்டு நான்கு நாளில் உயிர் நீத்தார். அதே ஆண்டு ஆகஸ்டில் தார்வாடில் கல்புர்கி. 2017 செப்டம்பரில் பெங்களூரில் கௌரி லங்கேஷ். முதல் கொலையின் பின்னணி உரிய நேரத்தில் வெளிக்கொணரப்பட்டிருந்தால், அடுத்த மூவர் இன்று உயிரோடு இருந்திருக்கக்கூடும். அரசுத் தரப்பின் தாமதம் கோப்பில் எழுதப்படும் தேதிகள் மட்டுமன்று. அதற்கு உயிர்கள் விலையாகின்றன.

புனே பாலத்தருகே துடைப்பத்தோடு நின்ற தொழிலாளி தம் கடமையைச் செய்துவிட்டார். விசையை அழுத்தியவர்கள் யார் என்று அவர் சொன்னார். அழுத்தச் சொன்னவர் யார் என்பதை அரசு இன்னும் சொல்லவில்லை. அந்தப் பதில் வரும்வரை தபோல்கர் வழக்கு முடிந்துவிட்டதாக எவரும் எண்ணிவிடக் கூடாது.